மாடியில் சொட்டும் வினைச்சொல்

ஆவணி பிறந்ததும் செண்பகவடிவின் வீட்டு மாடிக்கு ஓர் ஆங்கில வினைச்சொல் குடிவந்தது. ஆடியில் வீடு மாறக்கூடாது என்று யாரோ சொல்லியிருந்ததால், அந்த மாதம் முழுக்க அது சந்தை முக்கில் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தது.

மேலமருதடியில் வீட்டுக்காரர்கள் வினைச்சொற்களைத்தான் விரும்புவார்கள். பெயர்ச்சொற்களுக்குச் சாமான் அதிகம். 'மாட்டுவண்டி'க்கு வீடு கொடுத்தால் மாட்டையும் உள்ளே விட வேண்டியிருக்கும். பெயரடைகள் வந்த அன்றே சுவரைப் பற்றியும் சமையலைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லத் தொடங்கிவிடும். வினைச்சொல் என்றால் எழுந்து தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். பக்கத்துத் தெருவில் 'ரன்' குடியிருந்தது. அது வீட்டில் இருந்து யாரும் பார்த்ததில்லை. 'ஸ்லீப்' இருந்த மாடியில் சன்னல் திறந்ததே கிடையாது. இரண்டுமே நல்ல குடித்தனம் என்று பெயர் எடுத்திருந்தன.

வடிவு தையல் மெஷினில் இருந்தபடியே விசாரித்தாள்.

"பேரு என்ன அண்ணாச்சி?"

"இன்ஸ்…" என்று சொல்லி அது நிறுத்தியது. வடிவு ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையும் வைத்து முடித்த பிறகு, "…டில்" என்றது.

"பூர்வீகம்?"

லத்தீன் பக்கம் என்றது. அங்கே 'ஸ்டில்லா' என்றால் சொட்டு, 'இன்' என்றால் உள்ளே, அந்த இரண்டு வீட்டுக்கும் சம்பந்தம் ஏற்பட்டு வந்த வம்சம் தன்னுடையது என்று பொழுது சாய்வதற்குள் சொல்லி முடித்தது. ஆதியில் காதுக்குள் எண்ணெயும் கண்ணுக்குள் மருந்தும் சொட்டிப் பிழைத்திருக்கிறார்கள். பிறகு குடும்பத்தில் யாரோ மனிதர்களுக்குள் குணங்களைச் சொட்டிப் பார்த்திருக்கிறார். பொறுமை, பக்தி, ஒழுக்கம் என்று ஒரேயடியாகக் கொடுத்தால் உள்ளே தங்காத சரக்குகள். சொட்டுச் சொட்டாகப் போட்டதும் தங்கிவிட்டன. அதுமுதல் அதுவே தொழில். 'டிஸ்டில்' என்று ஒரு தம்பி இருக்கிறான், பன்னீர் வடிக்கிறான்.

"அவன்… கீழே சொட்டுவான். நான்… உள்ளே" என்றது.

ஆள் ஒல்லி. அதன் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு இடத்தில் 'ஐ' எழுத்து வரும். அந்த எழுத்துகளின் தலைக்கு மேல் நின்ற புள்ளிகள் ஈரமாகவே இருந்தன. நிறைந்தால் சொட்டின, மறுபடி ஊறின.

"மாடி ஒழுகுமோ?" என்று வடிவு கேட்டாள்.

"ஒழுகும்."

பொய் சொல்லாத குடித்தனம் என்று அவள் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

வடிவின் கணவன் தளவாய் மினி பஸ் ஓட்டினான். அந்தப் பங்குனியில் ஒருநாள் காலை அவனுக்கு வலது பக்கம் திரும்பப் பயம் வந்திருந்தது. காய்ச்சல் வருவதுபோல வந்தது, காய்ச்சல்போலப் போகவில்லை. வலது பக்கம் போக வேண்டிய இடங்களுக்கு அவன் மூன்று முறை இடது பக்கம் திரும்பிப் போனான். மூன்று இடது ஒரு வலது என்பது கணக்குத்தானே. பயணிகள் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி வந்தார்கள். மூன்றாவது இடதில் ஒரு வடைக்கடை இருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை.

பயம் பஸ்ஸோடு நின்றிருந்தால் வடிவும் குறை சொல்லியிருக்க மாட்டாள். அது அவனோடு இறங்கி வீட்டுக்கு வந்தது. குளியலறை கூடத்துக்கு வலது பக்கம். தளவாய் தோளில் துண்டோடு வாசலில் இறங்கி, தெருவைச் சுற்றி, கொல்லை வழியாகக் குளிக்கப் போனான். இடது கன்னத்தை மட்டும் சவரம் செய்தான். வலது கன்னத்தில் தாடி நெஞ்சு வரை வளர்ந்து, காற்றடித்தால் இடது பக்கம் எட்டிப் பார்த்தது.

கட்டிலில் வடிவு அவனுக்கு வலது பக்கம் படுப்பவள். இடது பக்கம் சுவர். பங்குனியிலிருந்து தளவாய் சுவரைப் பார்த்துத்தான் படுத்தான். சுவருக்கும் அவனுக்கும் நல்ல பழக்கமாகிவிட்டது.

"தலைமாட்டக் கால்மாட்டுக்கு மாத்திப் போட்டுப் படுத்தாத் தீந்துது. நீ இடப்பக்கம் வந்துருவ" என்றாள் வேலம்மை. தளவாயின் அக்காள், எதிர்வீடு.

"நான் எதுக்கு மைனி மாறணும்? திரும்ப வேண்டியது அவிய" என்றாள் வடிவு.

சொல்லும்போது குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்குள் இன்னொன்று கிடந்தது. அவன் திரும்பாமல் இருப்பது பயத்தினாலா, அல்லது திரும்பினால் தெரியும் முகம் அலுத்துவிட்டதாலா? அதை அவள் வேலம்மையிடம் சொல்லவில்லை. ஹூக் தைக்கும்போதும் காஜா எடுக்கும்போதும் அது நெஞ்சுக்குள் சின்னதாக உருண்டுகொண்டிருந்தது.

புரட்டாசியில் பஞ்சாயத்தார் தண்டோரா போட்டார்கள். ஊரிலுள்ள இடது பக்கத் திருப்பங்கள் எல்லாம் தேய்ந்துபோயிருப்பதால் தை பிறந்ததும் கழற்றிப் பழுதுபார்க்க எடுத்துக்கொண்டு போவார்களாம். வலது பக்கம் மட்டும் இருக்கும். பஸ் முதலாளி வாசலில் வந்து நின்று, "தளவாய், தைக்குள்ள திரும்பிப் பழகிக்கிடும். இல்லன்னா வேற டிரைவர் பாக்க வேண்டியதுதான்" என்றார். அவர் தளவாயின் வலது பக்கம் நின்று சொன்னதால் தளவாய் சுவருக்குத் தலையாட்டினான்.

வடிவு மாடி ஏறினாள்.

வினைச்சொல் பாயில் சுருண்டு கிடந்தது. வந்ததிலிருந்து அதிலிருந்து சொட்டியதெல்லாம் வெறும் சொட்டு. உள்ளே ஒன்றும் இல்லை. செயப்படுபொருள் குன்றா வினை அது. பொருள் இல்லாமல் எத்தனை நாள் தாங்கும்? எழுத்துகள் வெளிறி, நடுவிலிருந்த 'எஸ்' நெளிவு நிமிர்ந்து கம்பிபோல் ஆகியிருந்தது. வடிவு ரசம் கொண்டுபோயிருந்தாள். அது ரசத்தைத் தொடவில்லை.

"எதை?" என்று பலவீனமாகக் கேட்டது. "யாருக்குள்?"

அதன் பசி அதுதான் என்று வடிவுக்குப் புரிந்தது.

"எங்க வீட்டுக்காரரத் தைரியத்தால சொட்டணும் அண்ணாச்சி."

"ஆளை… சொட்டுவதில்லை" என்று அது திருத்தியது. உடம்பு முடியாத நேரத்திலும் தன் இலக்கணத்தை அது விட்டுக்கொடுக்கவில்லை. "தைரியத்தை. ஆளுக்குள்."

"சரி, அப்படியே இருக்கட்டும்."

தைரியத்தை அது சொந்தமாகச் செய்வதில்லை, கொடுத்தால் சொட்டும், அவ்வளவுதான். வடிவு ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். உறைமோர் கேட்பதுபோலக் கேட்டாள். வேலம்மையிடம் தைரியத்துக்குக் குறைவில்லை. ஒருமுறை கோயில் யானை அவள் தேங்காயை எடுத்துவிட்டது. கன்னத்தில் ஒன்று வைத்தாள். யானை மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. இப்போதும் வருகிற வழியில் அவள் வாசலில் நின்று நலம் விசாரித்துவிட்டுத்தான் போகும்.

வேலம்மை டம்ளரை நெஞ்சோடு வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். நுரையோடு நிரம்பியது.

"போதுமாட்டி? வேணும்னா செம்ப எடுத்துட்டு வா."

"போதும் மைனி. அவரு கொஞ்சங்கொஞ்சமாத்தான் செய்வாராம்."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தளவாய் படுக்கும் இடத்துக்கு நேர் மேலே கூரையில் ஓர் ஈரப்புள்ளி தோன்றியது. அது பெருத்து, தயங்கி, கழன்று அவன் உச்சியில் விழுந்தது. ஒருநாளைக்கு ஒன்று. தளவாய், "பூச்சு பெயர்ந்துருச்சோ?" என்றான். வடிவு, "குடித்தனக்காரரு வேலை பாக்காரு" என்றாள்.

முதலில் அவனுடைய வலது புருவம் மட்டும் திரும்பியது. மறுநாள் வலது காது. பிறகு பேப்பரில் வலது பக்கத்துச் செய்திகளையும் படிக்கத் தொடங்கினான். பங்குனியிலிருந்து ஒவ்வொரு செய்தியும் பாதியில் நின்றுபோயிருந்தது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. தாடியைக் காதுப் பக்கம் கொஞ்சம் ஒதுக்கிவிட்டான். ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏட்டி, வலப்பக்கம் ஊறுகா இருக்கா?" என்று கேட்டான். கேட்டானே தவிரப் பார்க்கவில்லை. ஆனாலும் வடிவு அடுக்களைக்குப் போய் நின்று தனியாகச் சிரித்தாள். மாடியில் வினைச்சொல் தேறியிருந்தது. அதன் 'எஸ்' மறுபடி நெளிந்து, மத்தியானத்தில் மெல்லிய சீட்டி வந்தது.

வேலம்மைக்குத்தான் பொறுக்கவில்லை.

"இப்படி ஒழுகுனா அவன் என்னிக்குத் திரும்ப? காது திரும்பி என்னட்டி செய்யும்? பஸ்ஸுல்லா திரும்பணும்!" என்று மாடியைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "யோவ், பானையோட கவுத்துரும்!"

மாடியிலிருந்து பதில் வருவதற்குள் அவள் கோலம் போட்டு முடித்திருந்தாள்.

"கவிழ்ப்பது… நானில்லை" என்றது அது. "அது… வேறு வினை."

அவள் அந்த வேறு வினையைத் தேடிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போனாள். வடிவு தைத்த ஜாக்கெட்டுகளைக் கொடுக்கப் பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் அதைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெயர் 'போர்', ஊற்றுவதற்கு ஆங்கிலம். கையில் வாளி. பூர்வீகம் கேட்டதற்கு, "தெரியாது. யாருக்கும் தெரியாது. எங்க ஊத்தணும்?" என்றது. வேலம்மை ஓர் அண்டாவை நெஞ்சோடு கட்டி அழுத்தி நிரப்பினாள். போர் அதைத் தூக்கித் தூங்கிக்கொண்டிருந்த தளவாயின் தலையில் ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்துவிட்டு, கூலியைக்கூடக் கேட்காமல் ஐப்பசி மழையில் வேலை இருக்கிறது என்று போய்விட்டது.

வடிவு திரும்பி வந்தபோது கட்டில் நனைந்து கிடந்தது. ஆள் இல்லை. தலையணை எழுந்து உட்கார்ந்து அவளை நேருக்கு நேர் பார்த்தது.

"எங்க அவிய?" என்று தலையணையிடம் கேட்டாள். அது சந்தை முக்குப் பக்கம் சாய்ந்து காட்டியது.

சந்தை முக்கில் மணிக்கூண்டைச் சுற்றித் தளவாயின் பஸ் வலது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு வலது முடிந்ததும் அடுத்த வலது. அது முடிந்ததும் அடுத்தது. உள்ளே பயணிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். எலுமிச்சம்பழக்காரி கூடவே ஓடி சன்னல் வழியாக வியாபாரம் செய்தாள். பஸ்ஸின் தாடி, அதாவது தளவாயின் தாடி, சன்னலுக்கு வெளியே கொடிபோலப் பறந்தது.

பஸ் தன்னைச் சுற்றுவதைப் பார்த்த மணிக்கூண்டு தானும் ஈடுகொடுக்கத் தொடங்கியது. முட்கள் பஸ்ஸோடு ஓடின. மத்தியானம் வந்தது, போனது, மறுபடி வந்தது. மணி அடிக்கும்போதெல்லாம் ஊர் சாப்பிட்டது. மணிப்படி நடக்காவிட்டால் ஊர் என்னத்துக்கு? இலையை எடுத்து வாய் கொப்பளிப்பதற்குள் அடுத்த பந்திக்கு இலை விழுந்தது. பள்ளிக்கூடம் விட்டது, கூடியது, விட்டது. பிள்ளைகள் வாசலிலேயே நின்றுகொண்டார்கள்.

வடிவு பஸ்ஸோடு ஓடினாள். டிரைவர் இருக்கைக்குப் பக்கத்துச் சன்னலோடு ஓடினாள். அது அவனுக்கு வலது பக்கம்.

"ஏங்க! நிறுத்துங்க! நான் நிக்கேன், இங்க பாருங்க!"

"வலதுன்னா வலதுதான்!" என்று தளவாய் முழங்கினான். அவன் வலது பக்கம்தான் பார்த்தான். ஆனால் வடிவைத் தாண்டி, அவளுக்கு அப்பால் இருந்த அடுத்த வலதைப் பார்த்தான். கண் அவள் மேல் படாமலே கடந்துபோனது.

சுவரைப் பார்த்துப் படுத்தபோதுகூட அவளுக்கு இப்படி வலித்ததில்லை.

வேலம்மை வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். "நல்லதுக்குத்தான செஞ்சேன் வடிவு."

"அது கெடக்கட்டும் மைனி. மாடியில இருக்கவரத் தூக்கிட்டு வாங்க. அவரா நடந்து வந்தா கார்த்திகை ஆயிரும்."

வேலம்மை ஓடிப்போய் வினைச்சொல்லைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். கனமே இல்லை. பஸ் பக்கத்தில் வரும்போது அதைக் கூரைக் கேரியரில் ஒரு பலாப்பழத்துக்கும் கோழிக்கூடைக்கும் நடுவில் ஏற்றிவிட்டார்கள். டிரைவர் தலைக்கு நேராகக் கூரையில் ஒரு துளை முன்பே இருந்தது. அந்த பஸ் அப்படிப்பட்ட பஸ்.

"எதை?" என்று மேலேயிருந்து கேட்டபடி அது ஒரு சுற்றுப் போய் வந்தது.

"பயத்த!" என்றாள் வடிவு.

அடுத்த சுற்றில், "யாருக்குள்?"

"எங்க வீட்டுக்காரருக்குள்ள!"

பயத்துக்கு எங்கே போவது? வேலம்மை பக்கத்துக் கடையில் ஒரு டம்ளரை வாங்கித் தன் நெஞ்சில் அழுத்திப் பார்த்தாள். நுரை நுரையாகத் தைரியம்தான் வந்தது. எலுமிச்சம்பழக்காரியிடம் கேட்டார்கள், வியாபார நேரத்தில் வைத்துக்கொள்வதில்லை என்றாள். பிறகு வடிவு டம்ளரை வாங்கினாள். கொஞ்சம் யோசித்தாள். முந்தானைக்குள் வைத்து அழுத்தினாள்.

தெளிவாக, நன்னாரி சர்பத் நிறத்தில், விளிம்பு தொட்டு நிரம்பியது.

வேலம்மை அதை உற்றுப் பார்த்தாள். "இது எப்படியாப்பட்ட பயம்ட்டி?"

"அவிய என்னைப் பாக்கப் பிடிக்காமத்தான் திரும்பலையோன்னு" என்றாள் வடிவு. "பங்குனியில இருந்து கெடக்கு."

பஸ் வந்ததும் வேலம்மை டம்ளரை எட்டி மேலே கொடுத்தாள்.

வினைச்சொல் அவசரப்படவில்லை. ஊரே இலை போட்டு எடுத்துக்கொண்டிருந்த அந்த அமளியிலும் சுற்றுக்கு ஒரு சொட்டுதான். முதல் சொட்டில் தளவாய்க்கு ஹாரன் ஞாபகம் வந்தது. அடுத்ததில் கண்ணாடி பார்த்தான். பிறகு கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. பஸ் தளர்ந்தது, அதைப் பார்த்து மணிக்கூண்டும் மூச்சு வாங்கிக்கொண்டு தளர்ந்தது. ஊர் கடைசி ஏப்பத்தை விட்டது. வந்துபோன இத்தனை மத்தியானத்திலும் தான் ஒரு கவளமும் சாப்பிடவில்லை என்பது தளவாய்க்கு உறைத்தது. பசியோடு அவன் திரும்பிப் பார்த்தபோது பஸ் நின்றிருந்தது. சன்னலுக்கு வெளியே வடிவு நின்றாள், மூச்சு இரைக்க.

அவன் வெகுநேரம் பார்த்தான்.

"ஏட்டி… மூக்குத்தி செவப்புக் கல்லுல்லா போட்டிருந்த?"

"வெள்ளக் கல்லு மாத்தி எம்புட்டு நாளாச்சு."

"நல்லாருக்கு" என்றான். பிறகும் பார்த்தான். "நான் திரும்பாம கெடந்தது பயத்துலதான், கேட்டியா. வேற ஒண்ணும் இல்ல."

"தெரியும்" என்றாள் வடிவு. அவளுக்கு இப்போது உண்மையாகவே தெரிந்திருந்தது. நெஞ்சுக்குள் அது உருண்டுகொண்டிருந்த இடம் காலியாக, கழுவித் துடைத்துக் கவிழ்த்த பாத்திரம்போல இருந்தது. வீட்டுக்கு நடக்கையில் லேசாகிப்போனதால் இரண்டொரு இடத்தில் கால் தரையில் படவில்லை. தளவாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். காற்றடிக்கிற நாளில் அப்படித்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தை பிறந்ததும் பஞ்சாயத்தார் வந்து இடது பக்கங்களைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தளவாய் ஒரு முறை ஹாரன் அடித்து, கண்ணாடி பார்த்து, வேண்டிய அளவு பயத்தோடும் வேண்டிய அளவு தைரியத்தோடும் வலது பக்கம் திரும்பினான். வடைக்கடைக்காரர் கடையைத் தூக்கி வந்து முதல் வலதில் போட்டுக்கொண்டார். வீட்டுச் சுவர்தான் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அதற்கும் சுண்ணாம்பு அடித்தார்கள்.

மாசியில் வினைச்சொல் உறவுக்காரர்களைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போய், சித்திரையில் திரும்பி வந்தது. அங்கே அதன் பெயரை எழுதும்போது கடைசியில் இன்னொரு 'எல்' சேர்த்து எழுதுவது வழக்கம். வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். கூப்பிடுவதில் வித்தியாசமில்லை. மாடிப்படி ஏறும்போதுதான் அந்த எழுத்து திருப்பத்தில் இடித்து நின்றது.

"நெட்டையாத்தான இருக்கு. எனக்குக் குடும், முருங்கைக்காய் எட்ட மாட்டேங்குது" என்றாள் வேலம்மை.

"தாராளமாக…" என்றது அது. அந்தச் சொல் முடிவதற்குள் அவள் 'எல்'லைக் கழற்றிக் கொண்டுபோய் மரத்தில் சாய்த்துவிட்டாள். அது நன்றாக எட்டியது. அன்றிலிருந்து மரம் அமெரிக்க நேரத்துக்கு மாறிக்கொண்டது. வெயில் ஏறியதும் இலைகளை மடக்கிக்கொண்டு, லேசான குறட்டையோடு தூங்கத் தொடங்கியது. வடிவு தையல் மெஷினை மெதுவாக மிதித்தாள். தளவாய் அந்தத் தெருவில் ஹாரன் அடிப்பதை நிறுத்தினான். வேலம்மை ஏணி வைத்து ஏறி, மரத்துக்கு ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு இறங்கினாள்.